ராத்திரி வந்த மெசேஜுக்கு ராத்திரியே பதில் வேண்டாம்

அம்மை இறந்த பன்னிரண்டாம் நாள் ராத்திரி 11.40-க்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியம்மையின், அதாவது அம்மையின் அக்காளுடைய மகன் ஒரு வாய்ஸ் நோட்டு போட்டார். ஒரு நிமிடம் இருபது விநாடி. "கடைசி காலத்துல சித்திக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்க ஆளில்ல, இப்ப மாலை போட்ட படத்தக் குரூப்புல போட மட்டும் ஆளு உண்டு." அவர் சவூதியில் இருக்கிறார், அடக்கத்துக்கு வர முடியவில்லை, அந்த வேதனை அவருக்கு. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து இரண்டு மணி வரை டைப் செய்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனை ராத்திரி விழித்திருந்தேன், யார் எவ்வளவு பணம் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை, அதோடு நிற்காமல் அவருடைய அம்மையைப் பற்றியும் எழுதக்கூடாத ஒன்றை எழுதினேன். குரூப்பில் 61 பேர். காலையில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நாற்பத்தியொன்றாம் நாள் வீட்டுக்கு வந்த மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, "அவன் சொன்னது தப்புதான், ஆனா நீ அப்பிடி எழுதியிருக்கப்பிடாது மக்களே." பெரியம்மை மகன் என்ன சொன்னார் என்பது பலருக்கும் மறந்துவிட்டது, நான் எழுதியது யாருடைய போனிலோ இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையைச் சுற்றி, இந்த மாதிரி மெசேஜால் அடிபட்ட சிலரோடு உட்கார்ந்து பேசவும் அவர்களோடு அலையவும் வேண்டி வந்தது. அதில் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "பிளாக் பண்ணு, மறந்துடு" என்று எல்லாரும் சொல்வார்கள். முகம் தெரியாதவனுக்கு அது போதும். நம்ம மாவட்டத்தில் காயப்படுத்துகிறவர் பெரும்பாலும் முகம் தெரிந்தவர்தான், ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டு பெஞ்சு தள்ளி நிற்பவர், கோயில் கொடையில் பந்தியில் எதிரே உட்கார்பவர், கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர், சுய உதவிக் குழுவில் கூட இருப்பவர். போனில் பிளாக் செய்துவிட்டு மார்த்தாண்டம் சந்தையில் அவர் முகத்தில் விழிக்கத்தான் வேண்டும். அதனால் யார் அனுப்பியது, என்ன அனுப்பியது என்று பார்த்துத்தான் அடுத்த வேலையைச் செய்ய முடியும்.

ஆனால் எந்த வகையாக இருந்தாலும் முதல் ஒரு மணி நேரம் ஒன்றுதான். பதில் எழுதாதீர்கள். கை துடிக்கும், தெரியும். போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு முற்றத்தில் போய் நில்லுங்கள், முகம் கழுவுங்கள், வீட்டில் யாராவது விழித்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். எழுதியே தீர வேண்டும் என்று இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதுங்கள். வாட்ஸ்அப்பின் பெட்டியிலேயே எழுதி வைத்துக்கொண்டு "அனுப்ப மாட்டேன்" என்று நினைக்காதீர்கள், கை தவறிப் போய்விடும், அதுவுமல்லாமல் நீங்கள் டைப் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும், அவர் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்ததற்குக் காலையில் சாயா குடித்த பிறகு என்ன செய்யலாம் என்று பாருங்கள். என் அனுபவத்தில் ராத்திரி எழுதியிருக்க வேண்டிய பதில் என்று ஒன்றுகூட இல்லை.

அப்புறம், அழிக்காதீர்கள். இதுதான் பலரும் செய்கிற தவறு, குறிப்பாகப் பெண்கள். அந்த அசிங்கம் போனில் இருக்கவே கூடாது, வீட்டில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று உடனே டெலிட் செய்துவிடுவார்கள், பிறகு புகார் கொடுக்கப் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அடிக்கும்போது, பிளாக் செய்து சாட்டையும் அழிக்கட்டுமா என்று அதுவே கேட்கும், அவசரத்தில் சரி என்று கொடுத்தால் உங்கள் போனிலிருந்து எல்லாம் போய்விடும். ஆகவே எப்போதும் சேமிப்பது முதலில், ரிப்போர்ட் அடுத்து, பிளாக் கடைசியில்.

சேமிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மெசேஜை மட்டும் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் போதாது. மேலே பெயர், நடுவே தேதி, ஓரத்தில் நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி எடுங்கள். பெயர் போட்டுச் சேமித்த எண் என்றால் சாட்டில் பெயர்தான் தெரியும், அதனால் அந்தப் பெயரைத் தொட்டு உள்ளே போய் எண் தெரிகிற பக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு நடந்தது என்பதும் வேண்டும், இல்லாவிட்டால் "நீதான் தூண்டிவிட்டாய்" என்று நாளைக்குச் சொல்வார்கள். சாட்டை முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைக்கலாம். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வாட்ஸ்அப் விடாது, அதைத் திறப்பதற்கு முன்னால் இன்னொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு அதில் படம் பிடியுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் என்றால் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், அதனால் அந்தக் கணக்கின் லிங்கையும் காப்பி செய்து தேதியோடு எழுதிவையுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. வழக்கு என்று வந்தால் அந்த போனையே கேட்பார்கள், ஆகவே விவகாரம் முடிகிற வரை போனை ரீசெட் செய்வது, பழையதைக் கொடுத்துப் புதியது மாற்றுவது எதுவும் வேண்டாம்.

இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது தாங்க முடியாத காரியம். நம்பிக்கையான ஒருவரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

இனி வகை பிரிப்போம்.

சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவர் கோபத்தில் பேசியது என்றால் குரூப்பில் வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். பார்வையாளர் இருக்கிற இடத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ நேரில் போங்கள், வெளிநாட்டில் இருந்தால் போனில் கூப்பிடுங்கள், வாய்ஸ் நோட்டு வேண்டாம், அது பதில் கேட்காமல் பேசிக்கொண்டே போகிற சாதனம். பேச முடியாத அளவுக்கு உறவு முறிந்திருந்தால், இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒருவரை, ஒரு மாமாவையோ பங்குத்தந்தையையோ ஊர்ப் பெரியவரையோ நடுவில் வைக்கலாம். குரூப்பில் ஒரே ஒரு வரி போதும்: "இதை நான் உங்களிடம் நேரில் பேசுகிறேன் அண்ணா." அதற்கு மேல் அங்கே ஒன்றும் வேண்டாம். அந்த நபர் திரும்பத் திரும்ப இதையே செய்கிறார், ஆனால் உறவை முறிக்க முடியாது என்றால், வாட்ஸ்அப்பில் அவர் சாட்டை மியூட் செய்து ஆர்க்கைவில் போடலாம், இன்ஸ்டாகிராமில் ரெஸ்டிரிக்ட் செய்யலாம். ரெஸ்டிரிக்ட் செய்தால் அவருக்கு அது தெரியாது, அவர் போடும் கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், நீங்கள் மெசேஜைப் பார்த்தீர்களா என்பதும் தெரியாது. ஊரில் சண்டை பெரிதாகாமல் மூச்சு விட அது ஒரு நல்ல வழி. குரூப்பில் இருக்கவே முடியவில்லை என்றால் சத்தமில்லாமல் வெளியேறலாம், இப்போதெல்லாம் அட்மினுக்கு மட்டும்தான் அந்த அறிவிப்பு போகும்.

முகம் தெரியாதவன் என்றால் விளக்கம், சண்டை, கெஞ்சல் எதுவும் வேண்டாம். சேமி, ரிப்போர்ட், பிளாக். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து மெசேஜ் நிறுவனத்துக்குப் போகும், அனுப்பியவனுக்கு நீங்கள் ரிப்போர்ட் செய்தது தெரியாது. செட்டிங்ஸில் போய், தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காமல் செய்வதையும், உங்களைக் குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதையும் இன்றைக்கே மாற்றிவையுங்கள், ஐந்து நிமிட வேலை. ஃபேஸ்புக்கில் புரொஃபைல் லாக் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது வகை வேறு. மிரட்டல், படம், பாலியல் பேச்சு, விடாமல் பின்தொடர்வது. இங்கே கோபத்துக்கும் இடமில்லை, சமாதானத்துக்கும் இடமில்லை.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை, கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் நடையில் வந்து உட்கார்ந்தாள், ரசவடை கொடுத்தேன், கையிலேயே வைத்திருந்தாள், தின்னவில்லை. "என்ன மக்களே?" என்று கேட்டதும் அழுதாள். அவளுடைய முகத்தை வைத்து இன்ஸ்டாகிராமில் ஒரு ஃபேக் ஐடி, அதில் அவள் பெயருக்குக் கீழே அவளுடைய போன் எண், அதற்குக் கீழே எழுத முடியாத ஒரு வரி. மூன்று நாளில் நூற்றுக்கும் மேல் அழைப்பு. அவள் வீட்டில் சொல்லவில்லை, அப்பா ஆழ்கடல் விசைப்படகில் போயிருந்தார், கரை திரும்பப் பல நாள் ஆகும், "அப்பா வந்து கேட்டா எனக்கு என்ன சொல்ல" என்பதுதான் அவளுடைய பயம் முழுவதும். அந்த ஐடியை விட அந்தப் பயம்தான் அவளை மூன்று நாள் பட்டினி போட்டிருந்தது.

நாங்கள் செய்தது இதுதான். அவள் போனை என் கையில் வாங்கி, அந்தக் கணக்கு, லிங்க், பதிவுகள், வந்த அழைப்புகளின் பட்டியல் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். பிறகு அவள் கணக்கிலிருந்தே "என்னைப் போல நடிக்கிறார்கள்" என்று ரிப்போர்ட் செய்தோம், பாதிக்கப்பட்டவரே கொடுப்பதுதான் சரியான வழி. தோழிகள் நூறு பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தால் உடனே போய்விடும் என்று சொல்வார்கள், எண்ணிக்கையை வைத்து இன்ஸ்டாகிராம் எடுப்பதில்லை, மாறாக நூறு பேருக்கு அந்த லிங்க் போய்ச் சேரும், அதுதான் நடக்கும். அப்புறம் அவள் அம்மையிடம் நான் போய்ச் சொன்னேன். அவள் அம்மை கேட்ட முதல் கேள்வி, "நீ எதுக்கு அதுல படம் போட்ட?" நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். படம் போட்டது குற்றமில்லை. அதை எடுத்து அசிங்கம் செய்தவன்தான் குற்றவாளி, அந்தக் கேள்வியைக் கேட்டால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் வரமாட்டாள், வேறு எங்கேயோ போய் மாட்டிக்கொள்வாள்.

புகாருக்கு வருவோம். நாகர்கோவிலில் மாவட்டத்துக்கென்று சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரில் போகலாம். பக்கத்து ஸ்டேஷனுக்கோ மகளிர் காவல் நிலையத்துக்கோ போகலாம், "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. வீட்டில் இருந்தே என்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளம், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்குத் தனிப் பகுதி, பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் என்ன ஆயிற்று என்று பின்தொடர வேண்டுமானால் பெயரும் எண்ணும் கொடுத்துப் பதிவதுதான் நல்லது. படத்தைக் காட்டிப் பணம் பறித்திருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மேலும் பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தவரை அவர்கள் விடுவதே இல்லை.

நாங்கள் போன இடத்தில் முதலில் இருந்தவர், "ஐடிய டெலிட் பண்ணிட்டுப் போங்கம்மா, இதெல்லாம் பெரிசு பண்ணாதீங்க" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு தாளில் தேதி, நேரம், என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிரிண்ட் எடுத்த படங்களையும் இணைத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டேன். ரசீது கையில் வரும்வரை அங்கேயே இருங்கள், அந்த எண் இல்லாமல் நாளைக்கு எதையும் கேட்க முடியாது. அதற்கும் மேல் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம், சட்டமே அந்த வழியைத் தருகிறது. வக்கீல் செலவு என்று பயந்தால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம், எண் 15100.

சட்டத்தைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் ஏமாற்றம்தான் மிஞ்சும். மனதைப் புண்படுத்தும் மெசேஜ் என்பதற்காக மட்டும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்த, ஐ.டி. சட்டம் எனப்படும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ரத்து செய்துவிட்டது. ஆகவே "என்னைத் திட்டினார்" என்று மட்டும் போனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கொல்வேன், ஊரில் நாறடிப்பேன் என்ற மிரட்டலுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351, பெண்ணை இணையத்தில் பின்தொடர்வதற்கு 78, அந்தரங்கப் படத்தை எடுத்தால், பரப்பினால் ஐ.டி. சட்டத்தின் 66இ, ஆபாசத்தைப் போட்டால் 67, இவை இருக்கின்றன. 78-இல் ஒரு விஷயம் உண்டு, திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதைப் பொறுத்தவரை, அந்தப் பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்வதைத்தான் அது குற்றம் என்கிறது. அதனால் விடாமல் மெசேஜ் அனுப்புகிறவனுக்கு ஒரே ஒரு தடவை மட்டும், திட்டாமல், "எனக்கு உங்களோடு பேச விருப்பமில்லை, இனி என்னைத் தொடர்பு கொள்ளாதீர்கள்" என்று எழுதி அதையும் படம் எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட வேண்டாம்.

அந்தரங்கப் படம் வெளியே போய்விடும் என்ற பயம் இருந்தால் ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜி என்று ஒரு தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டுப் போகாது, படத்திலிருந்து உருவாகும் ஒரு எண் குறியீடு மட்டும் போகும், அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுப்பார்கள். பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை. போலியாக ஒட்டிய படமாக இருந்தாலும் கேட்கலாம்.

இந்த வகையில் மட்டும் "பேசித் தீர்த்துக்கலாம்" என்று வருகிற எந்தப் பெரியவரையும் நடுவில் விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. குழந்தை சம்பந்தப்பட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். நாகர்கோவிலில் 2020-இல் ஒருவன் சமூக வலைத்தளத்தில் பெண்களோடு பழகிப் படங்களை வைத்து மிரட்டிய வழக்கு நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் மற்றது எல்லாம் வெளியே வந்தது, 2023-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்கு முன்னால் எத்தனை பேர் "வெளியே சொன்னால் மானம் போகும்" என்று வாய் மூடி இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

குரூப் அட்மினாக இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு உறுப்பினர் போட்டதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள், 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆனால் மற்றவர் போட்டதை எல்லாருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி உங்கள் கையில் இருக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். அன்றைக்கு எங்கள் குரூப்பில் யாராவது ஒருவர் அந்த வாய்ஸ் நோட்டையும் என் பதிலையும் எடுத்திருந்தால்! மற்ற அறுபது பேருக்கும் ஒரு வேலை இருந்தது, அடிபட்டவருக்குத் தனியாக "சாப்பிட்டியா?" என்று ஒரு வரி. அந்த ராத்திரி எனக்கு அப்படி ஒரு வரி அனுப்பியது ஒரே ஒருத்தி, அவளை நான் மறக்கவே மாட்டேன். அந்த மெசேஜை "பாத்தியா" என்று இன்னொரு குரூப்புக்கு ஃபார்வர்டு செய்தவர்களும் இருந்தார்கள்.

தூக்கம் வராமல், சோறு இறங்காமல் நாட்கள் போனால் அதை மனவலிமை இல்லாததாக நினைக்காதீர்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104-உம் இருக்கிறது. செத்துவிடலாம் என்று யாராவது ஒரு தடவை சொன்னாலும் அதைச் சும்மா சொல்கிறார்கள் என்று விடாதீர்கள், அன்றைக்கு ராத்திரி அவர்களைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

நீங்களே கோபத்தில் எழுதிவிட்டீர்களா? வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் சேர்த்து அழிக்க இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல் அவகாசம் இருக்கிறது, காலையில் எழுந்ததும் அழியுங்கள். குரூப்பில் எழுதியதற்குக் குரூப்பிலேயே மன்னிப்புக் கேளுங்கள், தனியாகக் கேட்டால் போதாது, நீங்கள் எழுதியதைப் படித்தது குரூப்பில் இருந்த எல்லாரும் அல்லவா. "நீங்கள் அப்படிச் சொன்னதால்தான் நான்" என்று தொடங்காதீர்கள்.

எனக்கு அதற்கு எட்டு மாதம் ஆயிற்று. பெரியம்மையைப் பற்றி எழுதியது தவறு என்று குரூப்பில் இரண்டு வரி போட்டேன், வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. அன்று சாயங்காலம் சவூதியின் தம்மாமிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவர்தான் கேட்டார், "சித்தி மரச்சீனிக்கு வைக்கிற மீன் கறியில புளி எவ்வளவு போடுவா, உனக்கு ஓர்ம இருக்கா?"